வரதட்சணைக் கொடுமை வழக்குகளில் முன்ஜாமீன்

வரதட்சணை கேட்டு மனைவியைத் துன்புறுத்தியதாகப் புகார் எழும்போது, கைதாகக்கூடும் என்று அஞ்சும் கணவரோ அவருடைய குடும்பத்தாரோ கைதுக்கு முன்பே நீதிமன்றத்தில் பெறும் பாதுகாப்பு ஆணை முன்ஜாமீன் அல்லது முன்பிணை எனப்படும். ஆணை பெற்றவரைக் காவல்துறை கைது செய்தால் உடனே பிணையில் விட வேண்டும். புகார் உண்மையா பொய்யா என்பதை இந்த ஆணை தீர்மானிப்பதில்லை. புலனாய்வுக்குக் கைது அவசியமா என்பதே இந்தக் கட்டத்தில் நீதிமன்றம் முதன்மையாகப் பார்க்கும் கேள்வி.

குற்றமும் தண்டனையும்

கணவரோ அவருடைய உறவினரோ மனைவிக்கு இழைக்கும் கொடுமையைத் தனிக் குற்றமாக்கிய 498-ஏ பிரிவு 1983-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகள் நடைமுறையில் உள்ளன. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும். நீதிமன்ற ஆணை இல்லாமலே காவல்துறை கைது செய்யக்கூடிய, பிணையைக் கேட்டுப் பெறும் உரிமை இல்லாத குற்றம் இது. முன்ஜாமீனுக்கு இவ்வகை வழக்கில் இவ்வளவு தேவை ஏற்பட்டதற்கு இந்த இரண்டு தன்மைகளே காரணம்.

இத்துடன் 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டமும் சேர்க்கப்படுவது வழக்கம். வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் அதன் 3-ஆம் பிரிவின் கீழும், கேட்பது 4-ஆம் பிரிவின் கீழும் குற்றம். பெண்ணுக்குச் சீராக வந்த நகையையும் பொருளையும் திருப்பித் தராவிட்டால் நம்பிக்கை மோசடிப் பிரிவும் சேரும். தமிழ்நாட்டு முதல் தகவல் அறிக்கைகளில் 1998-ஆம் ஆண்டின் பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவையும் காணலாம். அனைத்து மகளிர் காவல் நிலையங்களே இங்கு பெரும்பாலும் இந்தப் புகார்களை விசாரிக்கின்றன.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நடுவரிடம் அளிக்கப்படும் மனு இவற்றிலிருந்து வேறுபட்டது. பாதுகாப்பு, உறைவிடம், பராமரிப்புத் தொகை போன்ற நிவாரணங்களைக் கேட்கும் அந்த மனுவால் மட்டும் கைது நேராது. பாதுகாப்பு ஆணையை மீறினால்தான் அது குற்றமாகும்.

முன்ஜாமீன் அதிகாரம்

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முன்ஜாமீனுக்குத் தெளிவான இடமில்லை. சட்ட ஆணையத்தின் 41-ஆவது அறிக்கை (1969) பரிந்துரைத்த பின், 1973-ஆம் ஆண்டின் சட்டத்தில் 438-ஆம் பிரிவாக இது இடம்பெற்றது. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 482-ஆம் பிரிவு இதைக் கையாள்கிறது. 1973-ஆம் ஆண்டின் சட்டத்தில் 482 என்பது வழக்கை ரத்து செய்யும் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தைக் குறித்தது. அந்த அதிகாரம் புதிய சட்டத்தில் 528-ஆம் பிரிவுக்குச் சென்றுவிட்டது. 2024-க்கு முந்தைய தீர்ப்புகளைப் படிப்போர் இந்த எண் மாற்றத்தைக் கவனிக்க வேண்டும்.

முன்ஜாமீன் வழங்கும் அதிகாரம் அமர்வு நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் மட்டுமே உண்டு. நடுவர் நீதிமன்றத்துக்கு இல்லை. உத்தரப் பிரதேசம் நெருக்கடி நிலைக் காலமான 1976-இல் இந்தப் பிரிவையே நீக்கியது. 2019-இல்தான் மீண்டும் கொண்டுவந்தது. இடைப்பட்ட காலத்தில் அங்கு வழக்கில் சிக்கியவர்கள் கைதுக்குத் தடை கோரி உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு போட வேண்டியிருந்தது.

குர்பக்ஷ் சிங் சிபியா வழக்கில் (1980) உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு வகுத்தவையே அடிப்படை விதிகள். முதல் தகவல் அறிக்கை பதிவாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் கைது அச்சத்துக்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும். வெறும் ஊகம் போதாது. எந்தக் குற்றத்துக்கும் செல்லும் பொதுப் பாதுகாப்பாக ஆணை அமையக் கூடாது. கைதான பின் முன்ஜாமீனுக்கு இடமில்லை. வழக்கமான பிணையைத்தான் கேட்க வேண்டும். சுசிலா அகர்வால் வழக்கில் (2020) மற்றோர் ஐந்து நீதிபதி அமர்வு, முன்ஜாமீனுக்குப் பொதுவாகக் காலக்கெடு கூடாது என்றும், அது வழக்கு விசாரணை முடியும்வரை நீடிக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது.

அர்னேஷ் குமார் தீர்ப்பு

2014 ஜூலை 2 அன்று வெளியான அர்னேஷ் குமார் எதிர் பீகார் மாநிலம் தீர்ப்பு, முன்ஜாமீன் மறுக்கப்பட்ட கணவர் ஒருவரின் மேல்முறையீட்டில் பிறந்தது. 8 லட்சம் ரூபாயும் மாருதி காரும் ஏ.சி.யும் தொலைக்காட்சியும் கேட்டதாகப் புகார். 2012-இல் 498-ஏ பிரிவின் கீழ் 1,97,762 பேர் கைதாயினர், அவர்களில் ஏறத்தாழ கால் பங்கினர் பெண்கள், குற்றப்பத்திரிகை தாக்கலாகும் விகிதம் 93.6 சதவீதம், தண்டனை விகிதம் 15 சதவீதம் என்ற அரசுப் புள்ளிவிவரங்களைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது.

ஏழு ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில், கைது ஏன் தேவை என்று காவல் அதிகாரி காரணம் எழுதிக் காட்ட வேண்டும் என்றது அத்தீர்ப்பு. தேவையில்லையெனில் வழக்குப் பதிவான இரண்டு வாரத்துக்குள் நேரில் வரச் சொல்லி அறிவிப்பு அனுப்ப வேண்டும். நடுவரும் காரணங்களைப் பார்க்காமல் காவலில் வைக்க ஆணையிடக் கூடாது. மீறும் அதிகாரி மீது துறை நடவடிக்கையும் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கையும் பாயும். அறிவிப்புக்கான விதி இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவில் உள்ளது. கைதே வழக்கத்துக்கு மாறானது என்றாகிவிட்ட நிலையில், அறிவிப்பு அனுப்பப்பட்டதா, அதற்கு மனுதாரர் இணங்கினாரா என்பவை முன்ஜாமீன் விசாரணையிலும் முதன்மைக் கேள்விகளாயின.

மனு விசாரணை

அரசு வழக்கறிஞர் வழக்கு நாட்குறிப்பைக் கொண்டு பதில் சொல்வார். புகார் அளித்த பெண் இடையீட்டு மனு போட்டுத் தம் எதிர்ப்பைத் தெரிவிக்கலாம். காயச் சான்று, மருத்துவமனைப் பதிவு, முந்தைய புகார்கள், செல்போன் செய்திகள், மிரட்டல், தலைமறைவு ஆகியவை மனுவுக்கு எதிராக நிற்கும். நகைகள் இன்னும் கணவர் வீட்டில் இருப்பதாகவும், அவற்றை மீட்கக் காவல் விசாரணை தேவை என்றும் அரசுத் தரப்பு வாதிடுவதுண்டு.

மாமனார், மாமியார், நாத்தனார், கொழுந்தன் என ஒவ்வொருவர் பங்கும் தனித்தனியே ஆராயப்படும். யார் என்ன செய்தார் என்று சொல்லாமல் குடும்பத்தார் எல்லோரையும் பொதுவாகக் குற்றம் சாட்டும் புகார்களை உச்ச நீதிமன்றம் 2022, 2024 ஆண்டுத் தீர்ப்புகளில் ஏற்கவில்லை. வேறு ஊரில் தனியாக வாழும் நாத்தனாருக்கும், தம்பதியுடன் ஒரே வீட்டில் இருந்த மாமியாருக்கும் ஒரே முடிவு கிடைக்க வேண்டியதில்லை.

கணவர் வீட்டை விட்டு வெளியேறிய பெண் தாம் தஞ்சம் புகுந்த ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதனால் வழக்கு ஒரு மாநிலத்திலும் கணவர் இன்னொரு மாநிலத்திலும் இருக்க நேர்கிறது. ராஜஸ்தானில் பதிவான வரதட்சணை வழக்கில் பெங்களூரு நீதிமன்றம் முன்ஜாமீன் வழங்கியதைப் பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2023 நவம்பர் தீர்ப்பு, வெளிமாநில நீதிமன்றம் குறுகிய காலத்துக்கு இடைக்காலப் பாதுகாப்பு தரலாம், முழு முன்ஜாமீனுக்கு வழக்குப் பதிவான இடத்து நீதிமன்றத்தையே அணுக வேண்டும் என்று வரையறுத்தது.

நிபந்தனைகள்

விசாரணைக்கு அழைத்தால் வர வேண்டும், சாட்சிகளை மிரட்டக் கூடாது, அனுமதியின்றி வெளிநாடு செல்லக் கூடாது என்பவை சட்டத்திலேயே உள்ள நிபந்தனைகள். குறிப்பிட்ட நாள்களில் காவல் நிலையத்தில் கையெழுத்திடுவதும், கடவுச்சீட்டை ஒப்படைப்பதும் நீதிமன்றங்கள் சேர்ப்பவை. இவற்றை மீறினால் முன்ஜாமீன் ரத்தாகலாம்.

புலனாய்வுக்குத் தொடர்பில்லாத நிபந்தனைகளை உச்ச நீதிமன்றம் அனுமதிப்பதில்லை. மனைவிக்கும் குழந்தைக்கும் மாதம் 12,500 ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனையை 2009-இல் அது நீக்கியது. பராமரிப்புத் தொகைக்குத் தனிச் சட்டவழி உண்டு என்பது அதன் காரணம். மனைவியின் எல்லாத் தேவைகளையும் கணவர் நிறைவேற்ற வேண்டும் என்று பாட்னா உயர் நீதிமன்றம் விதித்த நிபந்தனையும் 2024-இல் நீக்கப்பட்டது.

வரதட்சணை மரணம்

திருமணமான ஏழு ஆண்டுக்குள் பெண் இயல்புக்கு மாறாக இறந்து, இறப்பதற்குச் சற்று முன் வரதட்சணைக்காகத் துன்புறுத்தப்பட்டிருந்தால் அது வரதட்சணை மரணம். 1986-இல் வந்த 304-பி பிரிவு இப்போது நியாய சன்ஹிதாவின் 80-ஆம் பிரிவு. குறைந்தது ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை உண்டு. குற்றம் நிகழ்ந்ததாகச் சாட்சியச் சட்டம் அனுமானிப்பதால் அதை மறுக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவரைச் சேரும். இத்தகைய வழக்குகளில் முன்ஜாமீன் எளிதில் தரப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1987-இலேயே எச்சரித்துள்ளது.

விவாதங்கள்

498-ஏ பிரிவு பழிவாங்கப் பயன்படுவதாக ஒரு தரப்பு தண்டனை விகிதத்தைக் காட்டுகிறது. சமரசம், சாட்சிகள் பின்வாங்குதல், வீட்டுக்குள் நடந்ததற்குச் சான்று கிடைக்காமை ஆகியவற்றாலும் விடுதலை கிடைக்கிறது, அதனால் விடுதலையே பொய்ப் புகாருக்குச் சான்றாகாது என்கிறது மறுதரப்பு.

ராஜேஷ் சர்மா வழக்கில் (2017) மாவட்டந்தோறும் குடும்ப நலக் குழு அமைத்து, அதன் அறிக்கை வரும்வரை கைது கூடாது என்றது உச்ச நீதிமன்றம். அடுத்த ஆண்டே மூன்று நீதிபதி அமர்வு அந்தக் குழுக்களை நீக்கியது. ஆனால் 2025 ஜூலையில், வழக்குப் பதிவுக்குப் பின் இரண்டு மாதம் கைது இல்லாத காலத்தையும் குடும்ப நலக் குழுவையும் கொண்ட அலகாபாத் உயர் நீதிமன்ற நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. புகார் கொடுத்த பெண்ணுக்கு உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் காலமும் அதே இரண்டு மாதம்தான் என்பது இதற்கு எதிராக வைக்கப்படும் முதன்மையான வாதம்.