தனுஷ்கோடி இரயில் நிலையமும் அது விட்டுச்சென்ற பெயர்களும்

சென்னை எழும்பூருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே ஓடும் விரைவு வண்டி ஒன்று 'போட் மெயில்' என்றே இன்றும் வழங்கப்படுகிறது. அவ்வண்டிக்காகக் காத்து நின்ற கப்பல்கள் மறைந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. கப்பலும் வண்டியும் கூடிய தனுஷ்கோடி நிலையம் 1964ஆம் ஆண்டிலேயே கடல்கொண்டது. எனினும், பொருள் போன பின்னும் பெயர் நிற்கிறது.

இப்பெயர் தனுஷ்கோடிக்கும் முற்பட்டது. சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை இரயிலிலும், அங்கிருந்து கொழும்பு வரை கப்பலிலும் சென்ற காலத்திலேயே அது வழக்கிலிருந்தது. 1914 பெப்ருவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் பாதை மாறியது. பெயர் வண்டியோடு தனுஷ்கோடிக்குப் பெயர்ந்தது. 'இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ்' என்ற பெயரும் வண்டிக்கு இருந்தது. ஆயினும், மக்கள் நாவில் 'போட் மெயில்' என்பதே நிலைத்தது.

தனுஷ்கோடியில் தண்டவாளம் கப்பல்துறை வரை சென்றது. பயணிகள் சுங்கச் சோதனை முடித்துக் கப்பலேறி, ஏறத்தாழ 22 மைல் நீரைக் கடந்து தலைமன்னாரில் இறங்கி, கொழும்பு வண்டியில் ஏறினர். கப்பல்களுள் இரண்டு இர்வின், கோஷன் எனப் பெயர் பெற்றிருந்தன. முன்னவர் அரசப் பிரதிநிதி, பின்னவர் சென்னை ஆளுநர். எழும்பூரில் வாங்கிய ஒரே பயணச்சீட்டுக் கொழும்பு வரை செல்லும். இரு கரைகளின் இருப்புப்பாதைகளும் வெவ்வேறு அகலத்தன: இக்கரையில் மீட்டர் பாதை, அக்கரையில் அகலப் பாதை.

இவ்வழியே சென்றவர்களுள் பெருந்தொகையினர் தோட்டத் தொழிலாளர். கடல் கடக்குமுன் அவர்கள், இலங்கை அரசு நடத்திய மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காகச் சில நாள் நிறுத்திவைக்கப்பட்டனர். 'மண்டபம் கேம்ப்' இன்றும் ஊர்ப்பெயராகவும் நிலையப்பெயராகவும் வழங்குவது அதன் எச்சமே.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம், அத்தொழிலாளர் வழிவந்தோருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவு செய்தது. எட்டு வாரங்களுக்குள், டிசம்பர் 22 நள்ளிரவில், அவர்தம் முன்னோர் கப்பலேறிய துறையே இல்லாதொழிந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் வண்டி, தனுஷ்கோடியை எட்டும் தறுவாயில், நூற்றுக்கு மேற்பட்டோருடன் அலையில் மூழ்கியது. அரசு அவ்வூரை வாழத் தகாததென அறிவித்தது.

பாம்பன் பாலத்தைப் பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று 46 நாளில் சீர்செய்தார். தனுஷ்கோடிப் பாதையோ கைவிடப்பட்டது. பாம்பன் சந்திப்பு என்னும் நிலையை இழந்தது. கிளைப்பாதையின் முனையாயிருந்த இராமேசுவரம் முதன்மைப் பாதையின் முடிவாயிற்று. கப்பலும் அங்கு மாறியது. தாயகம் திரும்பியோர், தம்முள் பலர் முன்பு கண்டேயிராத 'தாயகத்தில்', இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்கே கொண்டுசெல்லப்பட்டனர். அச்சேவையும் 1980களின் நடுப்பகுதியில் இலங்கைப் போரால் நின்றது.

மொழிபெயர்ப்பாளர் இங்குச் சற்றுத் தயங்க வேண்டியுள்ளது. தமிழ்ப் பேச்சில் 'போட்' என்பது சிறு படகையே குறிக்கும். ஆங்கிலத்திலோ கப்பலோடு இணையும் வண்டியைச் சுட்டும் பழைய வழக்கு அது. 'படகு அஞ்சல்' என்று பெயர்த்தால், படகில் சென்ற தபாலென்றே வாசகர் கொள்வர். 'கப்பல் இணைப்பு வண்டி' பொருளைத் தரும். ஆனால், அச்சொல்லோடு மூன்று தலைமுறை கொண்ட உறவைத் தராது. மலையகத் தமிழர் எழுத்தைப் பெயர்ப்போர் ஒலிபெயர்த்துக் குறிப்புத் தருவதே தக்கதெனத் தோன்றுகிறது. நீராவி போன பின்னும் நிற்கும் 'புகைவண்டி'யை ஒப்புநோக்கலாம். அது புரிவதற்குக் குறிப்பு வேண்டியதில்லை. ஊர்ப்பெயரிலும் ஒரு நுட்பம் உண்டு. 'வில்லின் முனை' என்பது வடமொழிப் பொருள். தமிழ்ச் செவிக்கோ 'தெருக்கோடி' போல நிலத்தின் கடைசி எனவும் அது ஒலிக்கும்.

இராமேசுவரம்-தனுஷ்கோடிப் பாதையை மீண்டும் அமைக்க 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது; தண்டவாளம் போடப்படவில்லை. எதிர்க்கரையில், போரால் 1990இல் மூடப்பட்ட தலைமன்னார்ப் பாதை 2015 மார்ச்சில் திறக்கப்பட்டது. அதன் கடைசி நிலையத்தின் பெயர் 'தலைமன்னார் பியர்'. அங்கே எந்தக் கப்பலும் வந்தணையவில்லை.