எழுதப்படாத சீதனம்

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளை ஒல்லாந்தர் தொகுத்து 1707ஆம் ஆண்டிலே சட்டமாக்கினர். தேசவழமை என்று நாம் இன்றும் வழங்கும் அத்தொகுப்பு, குடும்பச் சொத்தை மூவகையாகப் பிரித்துக் காட்டுகிறது. கணவன் தன் பெற்றோர் வழியாகக் கொண்டுவருவது முதுசம். மனைவி கொண்டுவருவது சீதனம். இருவரும் மணவாழ்விலே ஈட்டியது தேடியதேட்டம். பண்டை வழக்கின்படி முதுசம் ஆண்மக்களைச் சேர்ந்தது. தாயின் சீதனம் பெண்மக்களைச் சேர்ந்தது. காணியும் வீடும் நகையும் இக்கணக்கில் ஏறின. மனிதனை மனிதன் உடைமையாக வைத்திருந்த அக்காலத்திலே அடிமைகளுங்கூட ஏறினர் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் தாயிடமிருந்து மகளுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய செல்வம் ஒன்று எந்த உறுதியிலும் எழுதப்படவில்லை. பன்னவேலையும் தையலுமாகிய கைவேலையையே நாம் குறிப்பிடுகின்றோம். காரைநகரை முன்வைத்து அதன் சரித்திரத்தைச் சிறிது ஆராய்வோம்.

காரைநகர் செழித்த வயல்நிலம் கொண்ட ஊரன்று. மழையை நம்பிய நெற்செய்கை, உவர்நீர்க் கிணறுகள், மணல், பனை ஆகியவையே அதன் இயற்கைச் செல்வம். முன்னாளிலே காரைதீவு எனப்பட்ட இத்தீவுக்கு ஒல்லாந்தர் தம் தலைநகரின் பெயரைச் சூட்டி ஆம்ஸ்ரடாம் என்று அழைத்தனர். வேலணைப் பக்கம் லெய்டன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. பெயர் மாறியதால் கிணற்றுநீர் இனிக்கவில்லை. நிலம் போதாமையால் பிற்காலத்திலே இவ்வூர் ஆண்கள் வர்த்தகத்தை நாடினர். கொழும்பு முதல் தென்னிலங்கைச் சிற்றூர்கள் வரை காரைநகராரின் கடைகள் எழுந்தன. ஊரிலே எஞ்சியோர் முதியோரும் பெண்களும் பிள்ளைகளுமே. ‘மணியோடர்ப் பொருளாதாரம்’ என்று யாழ்ப்பாணத்தைப் பற்றி நம்மவர் எழுதியதுண்டு. அது உண்மையே, ஆயினும் பாதி உண்மை. தபாற்காரன் கொண்டுவந்த பணம் எண்ணப்பட்டது. அது வந்து சேரும்வரை வீட்டைத் தாங்கிய கை எண்ணப்படவில்லை.

அந்தக் கை செய்தவற்றைப் பார்ப்போம். நெல் காய்வதற்குப் பாய்; பனாட்டுக்கும் ஒடியலுக்கும் பாய்; படுப்பதற்கும் பாய். அரிசி புடைக்கச் சுளகு, பிட்டவிக்க நீற்றுப்பெட்டி, சுமை தூக்கக் கடகம், சந்தைக்குக் கொண்டுசெல்ல உமல், வெற்றிலையும் காசும் வைத்து மடியிற் செருகக் கொட்டைப்பெட்டி. பிறந்த குழந்தைக்குக் கிலுகிலுப்பையும் பனையோலைதான். ஒரு வீட்டின் தட்டுமுட்டுச் சாமான்களிலே பெரும்பகுதி அவ்வீட்டுப் பெண்களின் கையாலேயே ஆனது.

இதனை எளிய வேலை என்று எண்ணுவோர் ஒருநாள் செய்து பார்க்கட்டும். குருத்தோலையை வெயிலில் உலர்த்த வேண்டும். ஈர்க்கை நீக்கி, சத்தகத்தினால் ஒரே அகலமாக வார வேண்டும். அளவுகோல் கிடையாது, விரல்தான் அளவு. காய்ந்த ஓலை முறியும். ஆகையால் பதமாக ஈரம் காட்ட வேண்டும். ஈரம் மிகுந்தால் இழைத்த பின் சுருங்கி இடைவெளி விழும். கடகத்துக்கு உள்ளும் புறமுமாக இரண்டு அடுக்கு வைத்து, விளிம்பை மட்டை நாரினாற் பொத்த வேண்டும். பாரம் முழுவதையும் தாங்குவது அந்த விளிம்பே. குருத்தை அளவுக்கு மிஞ்சி வெட்டினால் மரம் கெடும். எந்த வடலியில் எத்தனை குருத்து எடுக்கலாம் என்ற அறிவும் இத்தொழிலின் பகுதியேயாகும். சாயந்தோய்த்த ஓலையை வெள்ளோலையோடு கலந்து கோலம் எழுப்புவதற்கு மனக்கணக்கு வேண்டும். எழுத்தறியாத கிழவி ஒருத்தி எத்தனை ஓலைக்கு ஒருமுறை நிறம் மாறவேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே பேத்திக்குக் கதையும் சொல்லுவாள். பேத்திக்கு முதலிற் கிடைப்பது கழிவுத் துண்டுகள். அவற்றைக் கொண்டு அவள் செய்யும் கோணற் பெட்டியை வீட்டார் எறிந்துவிடுவதில்லை. அதிலே உப்போ மிளகாயோ போட்டு வைப்பர். பாடத்திட்டமும் பரீட்சையும் இல்லாத பள்ளிக்கூடம் அது.

அந்தப் பள்ளிக்கூடத்தை நாம் பொன்னுலகமாகச் சித்திரிக்கவில்லை. வசதியுள்ள வீட்டிலே பன்னவேலை பொழுதுபோக்கு. வறிய வீட்டிலோ அது கூலி. ஒருத்தி மகளின் கலியாணத்துக்கென்று அழகாகப் பெட்டி இழைத்தாள்; இன்னொருத்தி அன்றைய உலைக்கு அரிசி வேண்டிப் பெட்டி இழைத்தாள். இரண்டையும் ‘பெண்களின் கைப்பழக்கம்’ என்ற ஒரே சொல்லால் மூடிவிடுவது, உழைப்பை மறைப்பதற்கு மிகவும் வசதியான வழி.

ஆட்சியாளருக்குக் கணக்கெழுதத் தெரியாமல் இல்லை. தமக்கு இலாபம் தந்ததை அவர்கள் துல்லியமாக எழுதினர். சாயவேரின் கதை இதற்குச் சான்று. மன்னாரிலும் யாழ்ப்பாணத்துத் தீவுகளிலும் மணற்பாங்கான நிலத்திலே தானாக முளைக்கும் சிறுசெடியின் வேர் அது. துணியைக் கடுக்காய் நீரிலும் படிக்காரத்திலும் பதப்படுத்தி இவ்வேரோடு காய்ச்சினால், எத்தனை வெளுப்புக்கும் மங்காத செந்நிறம் ஏறும். சோழமண்டலக் கரையின் எழுத்துச் சீலைகள் ஐரோப்பியச் சீமாட்டிகளை மயக்கியமைக்கு இத்தகைய வேர்களே காரணம். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பெனி சாயவேரைத் தன் ஏகபோகமாக்கிற்று. வேர் தோண்டுவது ஒரு பகுதி மக்களின் சாதிக் கடமையாக விதிக்கப்பட்டது. வேர்குத்திகள் என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். கம்பெனி வைத்ததே விலை. இந்த ஏற்பாட்டை ஆங்கிலேயரும் தொடக்கத்திற் கைவிடவில்லை. ஆனால் 1869 அளவில், இவ்வேரிலுள்ள அதே செந்நிறப் பொருளை ஜெர்மானிய இரசாயன அறிஞர்கள் நிலக்கரித் தாரிலிருந்து செய்துவிட்டனர். அவ்வளவில் சாயவேரின் சந்தை உலகெங்கும் சரிந்தது. வேருக்குக் கணக்கு இருந்தது. ஆகவே அதன் வாழ்வும் வீழ்ச்சியும் சரித்திரத்தில் இடம்பெற்றன. வேரைக் குத்தியவர்களின் வீட்டிலே இழைத்த பாய்க்குக் கணக்கில்லை.

ஊசியின் கதை இதிலிருந்து வேறுபட்டது. ஓலை இந்த மண்ணோடு பிறந்தது. தைத்த உடை பெரும்பாலும் பின்னர் வந்தது. யாழ்ப்பாணத்துப் பழைய உடை தைக்காத உடை. ரேந்தை, லேஞ்சி என்னும் சொற்களே பறங்கியர் விட்டுச்சென்றவை. தைத்த சட்டை பெண்கள் மத்தியிலே பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிஷன் பாடசாலைகளால். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையிலே ஆண்பிள்ளைகளுக்கு உயர்கல்விக்கூடம் ஒன்றை நிறுவினர். காரைநகரிலிருந்து பொன்னாலைக் கடலைக் கடந்தால் அடுத்துள்ள ஊர் அதுதான். 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலிலே பெண்களுக்கென்று விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். பெண் எழுத்துப் படிப்பதை இழிவாகக் கருதிய சமூகம் அன்று இருந்தது. தையல் பழகுவதை அவ்வளவாக எதிர்க்கவில்லை. எனவே ஊசி முன்னே சென்றது, ஏடு பின்னே சென்றது. மிஷனரிமாரின் நோக்கம் மதமாற்றமே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் விளைவுகள் எப்போதும் நோக்கத்துக்குள் அடங்கிக் கிடப்பதில்லை.

இதற்குக் கடலுக்கு அப்பாலுள்ள நாகர்கோயில் நல்ல உதாரணம். அங்கே லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மோல்ற் அம்மையார் 1821 அளவில் ரேந்தைப் பின்னலைக் கற்பித்தார். அடிமைக் குலத்திற் பிறந்த பெண்கள் சிலர் ரேந்தை விற்ற காசைக் கொண்டே தம் விடுதலையை விலைக்கு வாங்கினர். அதே நாட்டிலேதான், தைத்த குப்பாயம் அணிந்த நாடார் பெண்களின் மேலுடையைத் தெருவிலே கிழித்தெறிந்தனர். 1822இல் மூண்ட தோள்சீலைப் போராட்டம், 1859இல் திருவிதாங்கூர் மன்னர் பிரகடனம் செய்யும்வரை நீண்டது. அப்பிரகடனமுங்கூட, மேற்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது.

யாழ்ப்பாணத்திலே இத்தகைய பிரகடனமும் எழவில்லை. தாழ்த்தப்பட்ட பெண்கள் மேலுடம்பை மறைக்கலாகாது, நகை அணியலாகாது என்ற கட்டுப்பாடு இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. நம் முற்போக்காளர் கோயிற் கதவுக்கும் தேநீர்க் கடைக் கோப்பைக்கும் நடத்திய போராட்டங்களை நாம் நினைவுகூர்கிறோம். சட்டை ஒன்றைத் தைத்து மகளுக்குப் போட்டு வீதிக்கு அனுப்பிய தாயின் துணிவை எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? தாய் மகளுக்குச் செய்யும் மிகச் சாதாரணமான காரியம், ஒரு சாராருக்குக் குற்றமாக இருந்த நாடு இது. கைவேலையைப் பற்றி உருகிப் பேசுவோர் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

இயந்திரம் வந்தது பின்னர். சிங்கர் கம்பெனி 1877இல் இலங்கைக்கு வந்தது. தவணைக்குப் பணம் கட்டி வாங்கும் முறையை உலகெங்கும் பரப்பியதும் அதுவே. கொழும்பிலே கடை வைத்திருந்த தகப்பன் ஊருக்கு அனுப்பிய பொருள்களில் தையல் மெஷினும் இடம்பெறத் தொடங்கியது. நாளடைவில் அது சீதனப் பொருளுமாயிற்று. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயந்திரம் சீதனப் பட்டியலில் ஏறியது. அதை ஓட்டும் கைத்திறன் அப்போதும் ஏறவில்லை. இரும்புக்கு விலை உண்டு, விரலுக்கு இல்லை என்பதுதான் இதன் பொருள்.

கைவேலையின் அழிவைக் கண்டு முதலிற் குரல் எழுப்பிய அறிஞர் ஆனந்த குமாரசுவாமி. யாழ்ப்பாணத்து வழிவந்த சர் முத்துக்குமாரசுவாமியின் மகனாகிய அவர், கனிப்பொருள் ஆய்வுக்காக இலங்கைக் கிராமங்களிலே சுற்றித் திரிந்தபோது கைவினைஞரின் நிலையைக் கண்டார். அவர் மனைவி எதெல் கண்டிப் பகுதியின் துணிப்பூவேலையை ஊசிமுனை ஊசிமுனையாக ஆராய்ந்தார். 1908இல் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல் 425 பிரதிகளே அச்சாயிற்று. சோஷலிஸ்டும் கைவினைப் பற்றாளருமான வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அதே அச்சு இயந்திரத்திலே அது அச்சிடப்பட்டமை நம் வாசகருக்கு உவப்பான செய்தி. நாம் அந்நூலைப் போற்றுகிறோம். எனினும் அவருடைய கண்ணுக்குப் பெரிதும் தென்பட்டது அரசனும் விகாரையும் ஆதரித்த பரம்பரைக் கைவினைஞனே. எந்த அரசனும் ஆதரிக்காத காரைநகர்க் கடகத்துக்கு அத்தகைய நூல் எழவில்லை. முன்னோரின் மண் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பதுதான் வருத்தம்.

1970 முதல் 1977 வரை, இடதுசாரிக் கட்சிகளும் பங்குகொண்ட அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, வடபகுதியிலே கைத்தறி செழித்தது. நெசவு நிலையங்களிலே இளம்பெண்கள் கூலி பெற்றனர். 1977க்குப் பின் சந்தை திறக்கப்பட்டதும் மலிவுத் துணி வெள்ளம்போல வந்தது, தறிகள் ஓய்ந்தன. 1978இல் இரண்டு காரியங்கள் நடந்தன. பனை அபிவிருத்திச் சபை உருவாயிற்று. கட்டுநாயக்காவிலே சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. முன்னது பன்னவேலையைத் தொழிலாக மதிக்க முயன்றது. அதனால் இயன்றது சிறிதே. பின்னது தாயிடம் தையல் கற்ற பெண்களை ஆயிரமாயிரமாக அழைத்துத் தொழிற்சாலையில் அமர்த்திற்று. கூலி ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால், இது பெண்களுக்கு இயல்பாய் வருவதுதானே என்றனர். வீட்டிலே இலவசமாகக் கற்ற திறமை ‘திறமையற்ற உழைப்பு’ என்று பேரேட்டில் பதிந்த விந்தையை இங்கே காணலாம். எழுதப்படாத சீதனத்தின் இலாபம் மகளுக்கு வரவில்லை; முதலாளிக்குப் போயிற்று.

1991இல் போர் காரைநகர் மக்களை ஊரைவிட்டு ஓட்டியது. ஓடுகிற கையால் எதைத் தூக்க முடியும்? மெஷினும் அலுமாரியும் காணியுறுதியும் பலருக்கு வீட்டோடு போயின. சென்றவிடத்திலே சோறு போட்டவற்றுள் விரலிலிருந்த வேலையும் ஒன்று. 2009க்குப் பின்னர், கணவனை இழந்த பெண்களுக்கு வாழ்வாதார உதவி என்று தையல் இயந்திரங்கள் வடபகுதியெங்கும் வழங்கப்பட்டன. கொடுத்தோரின் நல்லெண்ணத்தை நாம் குறைகூறவில்லை. ஆயினும் ஒரு கிராமத்திலே அத்தனை வீட்டிலும் மெஷின் இருந்தால் யாருடைய சட்டையை யார் தைப்பது? இயந்திரத்தைக் கொடுத்தவர்கள் துணியையும் சந்தையையும் நியாயமான விலையையும் பற்றி அவ்வளவாகச் சிந்திக்கவில்லை. இரும்பை எண்ணி விரலை எண்ணாத பழைய பிழை மீண்டும் நேர்ந்தது.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ அயலிலோ இன்னும் சத்தகம் பிடிக்கும் முதியவர் இருப்பார். நீற்றுப்பெட்டி ஒன்றை முடிக்க எத்தனை மணி நேரம், எத்தனை ஓலை, சந்தையிலே என்ன விலை, அதில் வியாபாரிக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். பின்னல்களுக்கு அவர் வழங்கும் பெயர்களை அவர் சொல்லிலேயே குறியுங்கள். யாரிடம் கற்றார், யாருக்குக் கற்பித்தார், கற்பிக்க மறுத்ததுண்டா, மறுத்தால் எந்தச் சாதி காரணமாக என்பதையும் கூசாமற் கேளுங்கள். கிடைக்கும் குறிப்புகளை எமக்கு அனுப்பிவைத்தால் அடுத்துவரும் இதழ்களிலே வெளியிடுவோம்.