பலர்மோவின் பிரிற்றோரியா நீரூற்று

சிசிலித் தீவின் தலைநகராகிய பலர்மோவில் மாநகர மாளிகையின் முன்னுள்ள சதுக்கம் முழுவதையும் நிறைத்து நிற்கும் பளிங்கு நீரூற்று, அந்நகருக்கென ஆக்கப்பட்டதன்று. படிக்கட்டுகள், கைப்பிடிச் சுவர்கள், தடாகங்கள், கிரேக்க உரோமத் தெய்வங்களின் சிலைகள் என்பவற்றுடன் அது இடநெருக்கடியில் நிற்பதை நோக்குவோர்க்கு இவ்வுண்மை ஓரளவு தானே புலனாகும்.

பிளோரன்ஸ் நகரில் தொன் லூயிஜி தெ தொலேதோ என்னும் ஸ்பானியப் பிரபுவின் தோட்டத்திற்காக 1554ஆம் ஆண்டளவில் பிரான்செஸ்கோ கமில்லியானி இதனைச் செதுக்கத் தொடங்கினார். தொன் லூயிஜி, பிளோரன்ஸ் கோமகன் முதலாம் கொசிமோவின் மனைவியான எலியனோராவின் சகோதரர். 1568இல் வெளிவந்த தமது நூற்பதிப்பில் வசாரி, இதற்கு நிகரானது இத்தாலியிலேயே அரிது என்னும் பொருள்பட எழுதினார். ஆயின் கலைப்புகழ் கடனைத் தீர்க்கவில்லை. 1573இல் நீரூற்று பலர்மோவின் நகரவைக்கு விற்கப்பட்டது. சிசிலி அன்று ஸ்பானிய முடியின்கீழ் இருந்தமையால், இவ்விற்பனை ஒரே பேரரசின் எல்லைக்குள் நிகழ்ந்ததெனலாம்.

1574இல் அது 644 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டுக் கடல்வழியே கொண்டுவரப்பட்டது. சில சிலைகள் வழியிற் சேதமுற்றன; சில வந்து சேரவேயில்லை. சதுக்கத்தில் இடங்காணும்பொருட்டு வீடுகள் இடிக்கப்பட்டன. சிற்பியின் மைந்தர் கமில்லோ கமில்லியானி துண்டுகளை இணைத்ததுடன், குறைந்தவற்றை ஈடுசெய்து புதிய பகுதிகளையும் சேர்த்தார். பணி 1581இலேயே நிறைவெய்தியது. இதற்கிடையில், 1575இல், பலர்மோவைக் கொள்ளைநோய் தாக்கியது என்பதையும் ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். வீடிழந்தோர்க்கும் நோயுற்றோர்க்கும் இப்பளிங்குக் கூட்டம் எவ்வாறு தோன்றியிருக்கும்?

இடம் மாறியபோது பொருளும் மாறியது. நதித்தெய்வங்கள் ஒரெத்தோ, பப்பிரெத்தோ முதலிய பலர்மோ நீரோட்டங்களின் பெயர்களைப் பெற்றன. செல்வரின் தனி இன்பத்துக்குரியது நகரவையின் பெருமிதச் சின்னமாயிற்று. தோட்டத்து மதிலுக்குள் எவரையும் உறுத்தாத ஆடையற்ற உருவங்கள், கன்னியர் மடமும் தேவாலயமும் அருகிருந்த பொதுவிடத்தில் வேறாகக் காணப்பட்டன. மக்கள் அவ்விடத்தை ‘வெட்கச் சதுக்கம்’ என அழைத்தனர். நிர்வாணமே இதற்குக் காரணம் என்பர் ஒருசாரார். நகராள்வோரின் ஊழலையே அது சுட்டும் என்பர் மற்றொருசாரார். பின்னைய விளக்கம் பிற்காலத்தில் எழுந்ததாயினும், மாளிகை வாயிலிலேயே நீரூற்று நிற்பதால் அது எளிதிற் பொருந்திவிடுகின்றது. கன்னியாத்திரிகள் சிலைகளின் மூக்குகளை உடைத்தனர் என்னும் கதையோ செவிவழிச் செய்தியாகவே கொள்ளத்தக்கது.

19ஆம் நூற்றாண்டில் இரும்பு வேலியொன்று இதனைச் சூழ அமைக்கப்பட்டது. நகருக்கென வாங்கப்பட்ட நீரூற்றை நகரத்தாரிடமிருந்து காக்கவேண்டிய நிலை அவ்வாறு வந்தது.