கல்கத்தாவில் ஒரு சதுரங்க வழக்கறிஞர்



ஹாலிஎலையைக் கடந்து பதுளைக்குச் செல்வோர் அந்நகரத்துப் புனித மாற்கு தேவாலயத்தைக் கண்டிருப்பீர்கள். 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்ட மேஜர் ரோஜர்ஸ் என்பவரின் நினைவாக எழுந்தது அது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்பதே அவருடைய கீர்த்தி. ஏறக்குறைய அதே காலத்தில் கடல் கடந்து கீழ்த்திசைக்கு வந்த வேறொரு வெள்ளையரின் வரலாற்றையே இன்று சொல்லவிருக்கிறேன். அவர் வீழ்த்தியவை சதுரங்கப் பலகையின் மர யானைகள் மட்டுமே.

ஜான் காக்ரன் 1798ஆம் ஆண்டிற் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். தொழில் வழக்குரைத்தல், சதுரங்கம் அவருக்குப் பொழுதுபோக்கு. ஆயினும் 1822இலேயே அவ்விளையாட்டைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1824இல் லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் கடிதவழிப் போட்டி தொடங்கிற்று. லண்டன் தரப்பில் நின்ற காக்ரன், ஆட்டம் முடியுமுன்பே இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். அவரை இழந்த லண்டன் தோற்றது.

கல்கத்தாவில் அவர் நெடுங்காலம் வழக்கறிஞராக இருந்தார். இடையில் 1841 முதல் 1843 வரை விடுமுறையில் தாயகம் சென்றபோது, அக்காலத்து இங்கிலாந்தின் தலைசிறந்த ஆட்டக்காரராகிய ஸ்டாண்டனுடன் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடிப் பெரும்பாலானவற்றில் தோற்றார். மீண்டும் கல்கத்தா வந்தபின்னரே அவருடைய வாழ்வின் சுவைமிக்க பகுதி தொடங்குகிறது.

வங்காளத்தின் ஊர்ப்புறத்தில், தோல்வியே அறியாதவர் என்று பேர்பெற்ற ஓர் அந்தணர் இருந்தார். அவர் பெயர் மகேஷ்சந்திர பானர்ஜி. 1848 அளவில் அவரைக் காக்ரன் எதிர்கொண்டார். பானர்ஜி பயின்றதோ நம் நாட்டு முறை. அதிலே காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். அரசன் கோட்டை கட்டுவதில்லை. அதற்குப் பதிலாக ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம். இம்முறையில் வளர்ந்தவர் நடுக்களத்தை உடனே பற்ற அவசரப்படமாட்டார். எதிரியை முன்னேறவிட்டு, மந்திரியை ஓரத்தே பதுக்கி, மூலைக்கு மூலை செல்லும் நெடுவழியிலிருந்து குறிபார்ப்பார். ஐரோப்பியக் கண்ணுக்கு இது கோழைத்தனமாகத் தோன்றியிருக்கலாம். உண்மையில் அது பொறுமை.

காக்ரன் இதற்கு நேர்மாறானவர். 1848இல் பானர்ஜிக்கு எதிராக, நான்காம் நகர்விலேயே குதிரையைப் பலியிட்டு எதிரரசனை வெளியே இழுத்தார். அத்துணிகர ஆட்டம் இன்றும் 'காக்ரன் காம்பிட்' என்றே வழங்குகிறது. 1855இல் இருவரும் மீண்டும் மோதினர். பானர்ஜி கறுப்புக் காய்களுடன் தம் பொறுமை முறையில் ஆடினார், ஆயினும் இறுதியில் காக்ரனே அவருடைய அரசனை முற்றுகையிட்டு வென்றார். அந்தத் தொடக்க நகர்வுகளையே 1922இல் வியன்னாவின் எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்ட் ஆடினார். இன்று உலகெங்கும் அதற்குக் 'குரூன்ஃபெல்ட் தற்காப்பு' என்றே பெயர். அறுபத்தேழு ஆண்டு முன்னரே அதனை ஆடியவருக்கு, 'இந்தியத் தற்காப்பு' என்ற பொதுப்பெயரில் ஒரு பங்கு கிடைத்தது. அவ்வளவுதான்.

கல்கத்தா ஆட்டங்கள் கடல் கடந்து சென்று லண்டன் ஏடுகளில் அச்சேறின. பானர்ஜியின் பெயர் அங்கே பலவாறு சிதைந்தது, நகர்வுகள் சிதையவில்லை. காக்ரன் தோற்றவையும் அவற்றுள் இருந்தன. முதுமையில் லண்டன் திரும்பிய அவர் 1878இல் காலமானார்.