புகாரை வழக்காக்கும் அதிகாரம்: அமெரிக்க அரசின் தொழிலாளர் சட்ட வழக்கறிஞர்கள், 1933–2025

சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை இழந்த அமெரிக்கத் தொழிலாளி, தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் கீழ் முதலாளிமீது தானே வழக்குப் போட முடியாது. நம்மூர்த் தொழிலாளர் நீதிமன்றம் போன்ற அமைப்பு அங்கே கிடையாது. தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார அலுவலகத்தில் அவர் ஒரு புகார் கொடுக்கலாம். அதை விசாரிப்பது, வழக்காக எடுப்பது, சாட்சிகளை நிறுத்தி வாதாடுவது எல்லாம் அரசுச் சம்பளம் வாங்கும் வழக்கறிஞர்களின் பொறுப்பு. ஆதாரம் போதாது என்று அவர்கள் கோப்பை மூடிவிட்டால், வாரியத்தின் தலைமை வழக்கறிஞரிடம் முறையிடலாம். அவரும் மறுத்துவிட்டால் அத்தோடு முடிந்தது. அந்த மறுப்பை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போக வழியில்லை.

இவ்வளவு பெரிய அதிகாரம் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அமெரிக்கத் தொழிலாளர் சட்ட வரலாற்றை எழுதியவர்களில் பலர் சட்டங்களையும் தீர்ப்புகளையும் வரிசைப்படுத்துவதோடு நின்றுவிடுகிறார்கள். 1982இல் வெளிவந்த பீட்டர் ஐரன்சின் ‘புதிய ஒப்பந்தக் கால வழக்கறிஞர்கள்’ என்ற ஆய்வு கோப்புகளுக்குப் பின்னால் இருந்த மனிதர்களைப் பார்த்தது. அந்தத் திசையில் இன்னும் கொஞ்சம் போனால் ஒன்று தெரிகிறது: இந்தப் பதவியின் வரலாறு, எந்தப் புகார் வழக்காக வேண்டும் என்று முடிவுசெய்யும் உரிமை யார் கைக்கு மாறியது என்பதன் வரலாறுதான்.

பல்லில்லாத வாரியம்

1933இல் ரூஸ்வெல்ட் அரசு கொண்டுவந்த தேசியத் தொழில் மீட்புச் சட்டத்தின் 7(அ) பிரிவு, தொழிலாளர் சங்கம் அமைத்துக் கூட்டாகப் பேரம் பேசலாம் என்றது. தகராறுகளைத் தீர்க்க செனட்டர் ராபர்ட் வாக்னர் தலைமையில் ஒரு வாரியமும் அமைந்தது. ஆனால் அந்த வாரியம் சொல்வதை முதலாளி கேட்காவிட்டால் அது செய்யக்கூடியது மிகக் குறைவு. சட்டத்தை ஏற்றதற்கு அடையாளமாகக் கம்பெனி மாட்டியிருந்த நீலக் கழுகுச் சின்னத்தைப் பறிக்கச் சொல்லலாம். வழக்குப் போடும்படி நீதித் துறைக்குக் கோப்பை அனுப்பலாம். நீதித் துறை வழக்கறிஞர்களுக்கோ இந்தச் சட்டத்தின்மேல் நம்பிக்கை இல்லை. சாட்சியம் போதாது என்று குறிப்பெழுதிக் கோப்பைத் திருப்பி அனுப்புவதே வழக்கமாக இருந்தது. 1935 மே 27 அன்று, ஷெக்டர் என்ற கோழி வியாபாரிகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் அடிப்படையையே ரத்துசெய்தது.

வாக்னர் இதிலிருந்து பாடம் படித்துக்கொண்டார். 1935 ஜூலை 5 அன்று கையெழுத்தான தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டத்தில் (வாக்னர் சட்டம்), புதிய வாரியத்துக்கென்றே வழக்கறிஞர்கள் இருப்பார்கள், வாரியமே தன் உத்தரவுகளை மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கு எடுத்துச் செல்லும் என்று எழுதப்பட்டது. நீதித் துறையின் வாசலில் காத்திருக்கும் நிலை இதனால் பெருமளவு ஒழிந்தது. வாக்னர் சட்டம் தந்த உரிமைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த நடைமுறை மாற்றத்தைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. என் கணிப்பில் உரிமைகளுக்கு உயிர் கொடுத்தது இதுதான்.

சார்லஸ் ஃபேஹியின் தேர்வுகள்

வாரியத்தின் முதல் தலைமை வழக்கறிஞர் சார்லஸ் ஃபேஹி, மெல்லிய குரலில் பேசுபவர். அவர் பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே, 1935 செப்டம்பரில், ரூஸ்வெல்ட் அரசை எதிர்த்த அமெரிக்கச் சுதந்திர லீகைச் சேர்ந்த 58 பெரிய வழக்கறிஞர்கள் இந்தச் சட்டம் அரசமைப்புக்கு விரோதமானது என்று கூட்டாக அறிக்கை விட்டார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனிகள் ஊர் ஊராக நீதிமன்றம் ஏறித் தடையாணை கேட்டன. வாரியத்தின் இளம் வழக்கறிஞர்கள் அந்த மனுக்களுக்குப் பதில் சொல்வதிலேயே பெரும்பகுதி நேரத்தைச் செலவிட்டார்கள்.

அவர்கள் தற்காத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், உச்ச நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய வழக்குகளை ஃபேஹி பொறுக்கியெடுத்தார். மாநில எல்லை தாண்டிய வணிகத்தை மட்டுமே மத்திய அரசு ஒழுங்குபடுத்தலாம் என்பது எதிர்த்தரப்பின் வாதம். அதனால் அந்த எல்லையைப் பல அளவில் தொட்டுக்காட்டும் தொழில்கள் தேவைப்பட்டன. இரும்பாலை ஒன்று, டெட்ராய்ட்டின் டிரெய்லர் தொழிற்சாலை ஒன்று, வர்ஜீனியாவின் ரிச்மண்டில் ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனி, ஒரு பஸ் கம்பெனி, அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி நிறுவனம் ஆகியவை அவ்வாறு தேர்வாயின. ஒவ்வொன்றிலும் சங்க வேலை செய்ததற்காக ஆட்கள் நீக்கப்பட்டது தெளிவாக இருந்தது. பரிதாபமான, ஆனால் சான்று குறைந்த வழக்குகளை அவர் பின்னுக்குத் தள்ளினார். அந்தப் புகார்களைக் கொடுத்தவர்களுக்கு இது நியாயமாகத் தோன்றியிருக்காது.

இவற்றுள் பெரியது ஜோன்ஸ் அண்ட் லாஃப்லின் ஸ்டீல் கம்பெனி வழக்கு. பென்சில்வேனியாவின் அலிக்விப்பா நகரில் இருந்த ஆலையில் சங்கத்துக்காக உழைத்த பத்துப் பேர் நீக்கப்பட்டிருந்தார்கள். விசாரணையில் கம்பெனியின் வக்கீல்கள் அதிகார வரம்பை மறுத்துவிட்டுப் பாதியில் வெளியேறினார்கள். அதனால் வாரிய வழக்கறிஞர்கள் பதிவில் ஏற்றிய சாட்சியங்கள் பெரும்பாலும் மறுப்பில்லாமலே நின்றன: சுப்பீரியர் ஏரிப் பகுதியிலிருந்து வரும் இரும்புத் தாது, கம்பெனிக்குச் சொந்தமான நிலக்கரிச் சுரங்கங்கள், கப்பல்கள், ரயில்பாதைகள், பல மாநிலங்களில் கிடங்குகள். இத்தகைய விவரங்களைத் திரட்டுவதற்கென்று வாரியத்தில் பொருளாதார ஆய்வுப் பிரிவு ஒன்றே டேவிட் சபோஸ் தலைமையில் இயங்கியது. அது எதிராளிகளை எவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. பொருளாதார ஆய்வுக்காக வாரியம் யாரையும் பணியில் அமர்த்தக் கூடாது என்று 1947 திருத்தச் சட்டம் தடையே விதித்தது.

1937 ஏப்ரல் 12 அன்று ஐந்து வழக்குகளிலும் வாரியம் வென்றது. அவற்றில் நான்கில் தீர்ப்பு 5-க்கு 4. நீதிபதிகளின் எண்ணிக்கையைக் கூட்டும் திட்டத்தை அதே ஆண்டு பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் அறிவித்ததால் நீதிமன்றம் பணிந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அரசியல் அழுத்தம் இருந்திருக்கலாம். ஆனால் மனம் மாறும் நீதிபதிக்கும் சாய்ந்துகொள்ள ஒரு கோப்பு வேண்டும். அந்தக் கோப்பை இரண்டு ஆண்டுகளாகத் தயாரித்தவர்கள் இந்த வழக்கறிஞர்கள்.

யாருடைய வழக்கறிஞர்?

1940இல் வந்த இரண்டு தீர்ப்புகள் பதவியின் இயல்பை வரையறுத்தன. வாரியம் காப்பது பொது உரிமையை, தனியார் உரிமையை அல்ல என்று நேஷனல் லிகோரிஸ் வழக்கும், நீதிமன்றம் உறுதிசெய்த வாரிய உத்தரவை மீறும் கம்பெனிமீது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை கேட்கச் சங்கத்துக்கு உரிமையில்லை, வாரியம்தான் கேட்க வேண்டும் என்று கன்சாலிடேட்டட் எடிசன் வழக்கும் சொல்லின. இதன்படி தொழிலாளி இந்த வழக்கறிஞரின் கட்சிக்காரர் அல்லர். அவர் ஒரு சாட்சி.

வட்டார அலுவலக வழக்கறிஞரின் அன்றாட வேலையில் இது தெளிவாகத் தெரியும். புகார் வந்ததும் அவர் முதலில் செய்வது தொழிலாளியை உட்காரவைத்துப் பிரமாண வாக்குமூலம் எழுதுவது. மேஸ்திரி என்ன சொன்னார், எந்தத் தேதி, பக்கத்தில் யார் இருந்தார்கள், சரியாக எந்தச் சொற்களைப் பயன்படுத்தினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அவர் எழுத, தொழிலாளி படித்துப் பார்த்துத் திருத்திக் கையொப்பமிடுவார். புகாருக்கு ஆறு மாதக் கெடு உண்டு; சம்பவம் அதற்கு முந்தியது என்றால் எவ்வளவு அநியாயமானாலும் பயனில்லை. வழக்கு விசாரணைக்கு வந்து அந்தச் சாட்சி கூண்டில் பேசி முடித்ததும், அந்த வாக்குமூலத்தைக் கம்பெனி வக்கீல் குறுக்கு விசாரணைக்காகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆதலால் அனுதாபத்தில் மிகைப்படுத்தி எழுதினால் அது பிறகு தொழிலாளியையே குத்தும். அப்படியும், தகுதியுள்ளவை என்று கண்டறியப்படும் புகார்களில் மிகப் பெரும்பாலானவை விசாரணைவரை வராமல் சமரசத்தில் முடிகின்றன. நிலுவைச் சம்பளமும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் ஒரு தாளும் அவற்றின் பலன்.

மேலே சொன்ன 1947 திருத்தமான டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம் தலைமை வழக்கறிஞர் பதவியை வாரியத்திலிருந்தே பிரித்தது. புலனாய்வு, வழக்குத் தொடுத்தல், தீர்ப்பு மூன்றும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன என்பது முதலாளிகளின் நீண்டநாள் புகார். அதில் நியாயம் இல்லாமலில்லை. இனி தலைமை வழக்கறிஞரைக் குடியரசுத் தலைவர் நேரடியாக நியமிப்பார், புகாரை வழக்காக்குவதில் அவர் முடிவே இறுதி என்று ஆனது. வாரியம் தன் முன் வராத வழக்கைத் தீர்க்க முடியாது. ஆகவே எதைத் தீர்க்கலாம் என்பதைத் தலைமை வழக்கறிஞர் தீர்மானிக்கலானார். சுதந்திரப் பதவியில் முதலில் அமர்ந்த ராபர்ட் டென்ஹாம் வாரியத்தோடு ஓயாமல் மோதி, 1950இல் ட்ரூமன் கேட்டுக்கொண்டதன்பேரில் விலகினார். வழக்குத் தொடுக்க மறுக்கும் முடிவைச் சீராய்வு செய்ய முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1987இல் மறுபடி உறுதிசெய்தது.

பெஸ்ஸி மார்கோலினின் கணக்கு

வாரியத்துக்கு வெளியே, தொழிலாளர் துறையின் சொலிசிட்டர் அலுவலகத்தில் வேறொரு மரபு வளர்ந்தது. 1938ஆம் ஆண்டின் நியாய உழைப்புத் தரச் சட்டம் மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி என்று தொடங்கியது. நியூ ஆர்லியன்சில் யூத அனாதை இல்லத்தில் வளர்ந்த பெஸ்ஸி மார்கோலின் 1939இல் இந்தத் துறையில் சேர்ந்து 1972வரை பணியாற்றினார். மார்லீன் டிரெஸ்ட்மன் 2016இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு, உச்ச நீதிமன்றத்தில் மார்கோலின் 24 வழக்குகளில் வாதாடி 21இல் வென்றதைப் பதிவுசெய்கிறது. பெண் வழக்கறிஞரே அரிதாக இருந்த காலம் அது.

அவர் வென்ற வழக்குகளின் பொருள் வெளிப்பார்வைக்குச் சிறியது. 1956இல் பேட்டரி தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஈயத்தையும் அமிலத்தையும் கழுவ வேலை முடிந்ததும் குளித்து உடைமாற்றும் நேரம் சம்பள நேரமே என்ற தீர்ப்பைப் பெற்றார். அதே நாளில், ஐடஹோவின் இறைச்சிக் கம்பெனி ஒன்றில் கத்தி தீட்டும் நேரமும் வேலை நேரம் என்று ஆனது.

சம ஊதியச் சட்டத்தின் கீழ் அவர் நடத்திய வீட்டன் கண்ணாடிக் கம்பெனி வழக்கு இன்னும் நுட்பமானது. நியூ ஜெர்சி ஆலையில் குப்பிகளைச் சோதித்துப் பெட்டியில் அடுக்கும் ஆணுக்கு மணிக்கு 2.355 டாலர், பெண்ணுக்கு 2.14 டாலர். ஆண்கள் இடையிடையே பெட்டி தூக்குதல் போன்ற எடுபிடி வேலையும் செய்கிறார்கள், அதனால்தான் 21½ சென்ட் கூடுதல் என்றது கம்பெனி. அந்த எடுபிடி வேலையை மட்டுமே நாள் முழுக்கச் செய்த பையன்களுக்கு 2.16 டாலர். பெண்களைவிட இரண்டே சென்ட் அதிகம்! கம்பெனியின் சம்பளப் பட்டியலே கம்பெனியின் வாதத்தை உடைத்தது. வேலைகள் கணிசமாகச் சமமாக இருந்தால் போதும், அச்சு அசலாக ஒன்றாயிருக்க வேண்டியதில்லை என்று மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1970இல் தீர்ப்பளித்தது.

பாகுபாட்டுப் புகார்களுக்காக 1965இல் தொடங்கிய சம வேலைவாய்ப்பு ஆணையம், 1933 வாரியத்தின் கதையைத் திரும்ப நடத்தியது. சமரசம் பேசலாம், வழக்குப் போட முடியாது. அதன் வழக்கறிஞர்கள் 1970 டிசம்பரில் சாமர்த்தியமான ஒரு வழி கண்டார்கள். ஏடி அண்ட் டி நிறுவனம் தொலைபேசிக் கட்டணத்தை உயர்த்த அனுமதி கேட்டபோது, பெண்களையும் சிறுபான்மையினரையும் ஒதுக்கும் கம்பெனிக்கு உயர்வு தரக் கூடாது என்று தகவல் தொடர்பு ஆணையத்தின் முன் மனுப் போட்டார்கள். 1973 ஜனவரியில் அந்த நிறுவனம் ஏறத்தாழ 15 மில்லியன் டாலர் நிலுவை தர ஒப்புக்கொண்டது. அதற்குள், 1972இல், நீதிமன்றம் செல்லும் அதிகாரமும் ஆணையத்துக்கு வந்திருந்தது.

இதே தொழிலின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அரசே பெரிய முதலாளி. தன் ஊழியர்களுக்கு எதிராக அதற்காக வாதாடுபவர்களும் அரசுத் தொழிலாளர் வழக்கறிஞர்களே. 1981 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்த 11,000க்கும் மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை ரீகன் நீக்கியபோது, ஆயிரக்கணக்கான மேல்முறையீடுகளில் அந்த நீக்கத்தை நியாயப்படுத்தியவர்கள் அவர்கள்.

இப்போதைய நிலை

தலைமை வழக்கறிஞரின் பதவிக்காலம் நான்கு ஆண்டு. நீண்டகாலம் அதை எந்த அரசும் இடையில் முறிக்கவில்லை. 2021 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, பைடன் தலைமை வழக்கறிஞர் பீட்டர் ராபை நீக்கினார். ராபுக்கு இன்னும் பத்து மாதம் மிச்சமிருந்தது. இந்த நீக்கம் செல்லும் என்று இரண்டு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் கூறின. 2025 ஜனவரி 27 அன்று டிரம்ப், ராபுக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த ஜெனிஃபர் அப்ரூஸோவை நீக்கினார். பிப்ரவரி 14 அன்று தற்காலிகத் தலைமை வழக்கறிஞர், எந்த வகைப் புகார்களை எப்படி அணுக வேண்டும் என்று அப்ரூஸோ வட்டார அலுவலகங்களுக்கு அனுப்பியிருந்த சுற்றறிக்கைகளில் பலவற்றை ஒரே ஆணையில் ரத்துசெய்தார். அதற்குச் சட்டத்தின் எந்தப் பிரிவையும் திருத்த வேண்டியிருக்கவில்லை.