கடைமடை ஆட்டின் கண்: மருந்துத் தேர்வு மாறிய வரலாறு

கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதியான அதிராம்பட்டினம் வட்டாரத்தில், ஆட்டுக்கோ மாட்டுக்கோ கண் சிவந்து, நீர் வடிந்து, கருவிழி வெளுத்தால் ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்பார்கள். அதற்கு எந்த மருந்து இடலாம் என்பதை நெடுங்காலம் நோய் மட்டுமே முடிவு செய்தது. பாலும் கறியும் உண்பவரின் உடல்நலம் அந்தக் கணக்கில் பிந்தித்தான் சேர்ந்தது. சேரக் காரணமானது இறால் என்பது என் துணிபு.

தஞ்சையில் கண் மருத்துவத்துக்கு ஆவணச் சான்று இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்திலிருந்தே உண்டு. அவர் காலக் கண் நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகள், வரைந்த கண் படங்களோடு சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. அவருடைய தன்வந்திரி மகாலில் மனிதருக்கும் விலங்குக்கும் மருந்து தயாரானது. ஊர்ப்புறக் கைவைத்தியமோ நந்தியாவட்டைப் பூச்சாறு பிழிவதும், உப்பை மென்று கண்ணில் ஊதுவதுமாக நீடித்தது. பின்னது புண்பட்ட கருவிழியை இன்னும் அரிக்கும்.

பென்சிலின் சிகிச்சையின் வரலாறே கண்ணில்தான் தொடங்குகிறது. 1930இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செசில் பெய்ன், கண் நோய் கண்ட பச்சிளம் குழந்தைகளைப் பதப்படுத்தாத பென்சிலின் சாற்றால் குணப்படுத்தினார். ஆனால் ஆட்டின் கண்நோய்க்குப் பெரிதும் காரணமான மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்குச் செல்சுவரே கிடையாது. செல்சுவர் உருவாவதைத் தடுத்துக் கொல்லும் பென்சிலின் அதனிடம் தோற்றுவிடும். அந்தக் குறையை 1948இல் அறிமுகமான குளோர்டெட்ராசைக்ளின் தீர்த்தது. அது பிறந்த லெடர்லி ஆய்வகத்தில் ஆராய்ச்சியை வழிநடத்திய எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1950இல் வந்த ஆக்சிடெட்ராசைக்ளின், மாட்டின் கண்ணைத் தாக்கும் மொராக்செல்லா என்ற பாக்டீரியாவையும் அடக்கும்; ஊசியாகப் போட்டாலும் கண்ணீர் வரை சென்று சேரும்.

1947இல் கண்டறியப்பட்ட குளோரம்பெனிகால் என்ற நுண்ணுயிர்க்கொல்லி வேறு பாதையில் பரவியது. விலை குறைவு, கருவிழிக்குள் நன்றாக ஊடுருவும். நுனியைக் கிள்ளிக் கண்ணில் பிதுக்கும் சிறு களிம்புக் குப்பிகளாக, மனிதருக்கான மருந்துக் கடையிலேயே கிடைத்தது. ஆனால் மிக அரிதாகச் சிலருக்கு அது எலும்பு மஜ்ஜையை முடக்கிவிடும். அந்தக் கேடு அளவைப் பொறுத்து வருவதில்லை. ஆகவே உணவில் ‘இவ்வளவு எச்சம் இருக்கலாம்’ என்று வரம்பு வகுக்க இயலவில்லை.

2001இல் ஐரோப்பிய ஒன்றியம் ஆசிய இறாலில் இதன் எச்சத்தைக் கண்டது. சரக்குகள் திரும்பின. 2002இல் இந்தியா ஏற்றுமதிக்கான மீன்வளப் பொருள்களில் இதைத் தடை செய்தது. பாக் நீரிணைக் கரையின் இறால் பண்ணைகளையும் அது கட்டுப்படுத்தியது. உணவுக்காக வளர்க்கும் எல்லா விலங்குகளுக்கும் இம்மருந்தைத் தயாரிக்கவும் விற்கவும் தடை வந்தது 2025 மார்ச்சில்தான். அயல்நாட்டார் தட்டுக்குக் கிடைத்த காவல் நம் வீட்டுப் பால் செம்புக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இந்தத் தாமதத்தை நியாயப்படுத்த முடியாது. கண்ணில் இடுவது துளிதானே என்ற வாதமும் நிற்காது: வரம்பே வகுக்க முடியாத மருந்தில் துளி என்பது சமாதானம் ஆகாது.

இன்று அதே மருந்துக் கடைகளில் ஸ்டீராய்டு கலந்த கண் சொட்டுகளும் கிடைக்கின்றன. சிவப்பு உடனே தணிவதால் வளர்ப்பவர் நம்பிவிடுகிறார். கருவிழியில் புண் இருந்தால் அது ஆழமாகி, கண்ணே ஓட்டையாகலாம். ஃபுளோரசீன் சாயம் ஒரு துளி இட்டால் புண் பச்சையாக ஒளிரும். 2012 முதல் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குவதால், அந்தச் சோதனைக்கு அதிராம்பட்டினத்தார் சென்னை வரை போக வேண்டியதில்லை. சோதனைக்குப் பின் டெட்ராசைக்ளின் களிம்போ ஊசியோ கொடுத்து, ஈ அண்டாமல் நிழலில் கட்டி, மருந்தின் லேபிளில் குறித்த நாள் முடியும்வரை பாலையும் கறியையும் விற்காமல் நிறுத்த வேண்டும்.