தேவ்னார் இறைச்சிக்கூடமும் இறைச்சித் தூய்மையும்

தேவ்னார் இறைச்சிக்கூடம், மும்பையின் கிழக்கே செம்பூரைத் தாண்டி, கோவண்டி அருகே மாநகராட்சி நடத்தும் அறுப்புக்கூடம். 1971இல் திறக்கப்பட்டது, பரப்பு 64 ஏக்கர். ஆடு, எருமை, பன்றி ஆகியவை இங்கே அறுக்கப்படுகின்றன. மகாராஷ்டிராவில் 2015 முதல் காளைகளையும் எருதுகளையும் அறுக்கத் தடை உள்ளதால், மாட்டினத்தில் எருமை மட்டுமே எஞ்சியிருக்கிறது. பக்ரீத் நாட்களில் இதன் சந்தைக்கு ராஜஸ்தான் முதலிய மாநிலங்களிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் வந்து இறங்குகின்றன.

இதற்கு முன் நகரின் இறைச்சி பாந்த்ராவிலிருந்து வந்தது. 1860களில் ஆர்தர் கிராஃபோர்டு மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, நகருக்குள் இருந்த அறுப்புக்கூடங்கள் அங்கே மாற்றப்பட்டன. பாந்த்ராவில் உரித்த தோல் பக்கத்துத் தாராவிக்குப் போயிற்று. தமிழ்நாட்டிலிருந்து வந்த முஸ்லிம் தோல் பதனிடுவோர் அங்கே தொழில் வளர்த்தது அதனால்தான். தாராவித் தமிழரின் வரலாற்றில் இறைச்சிக்கூடத்துக்கு ஓர் இடம் உண்டு.

ஆரோக்கியமான ஆட்டின் தசைக்குள் கிருமி பெரும்பாலும் இராது. அது இருப்பது தோலிலும் குடலிலும். ஆகவே இறைச்சிக்கூடத்தின் தூய்மை முழுவதும் ஒரே வேலையில் அடங்குகிறது: தோலின் வெளிப்புறமும் குடலில் உள்ளதும் கறியில் படாமல் காப்பது. கடைசியில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது; அது தவறு. தண்ணீர் ஓரிடத்து அழுக்கை உடல் முழுக்கப் பரப்பவும் செய்யும்.

வேலை அறுப்பதற்கு முன்பே தொடங்குகிறது. 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகளின்படி, கால்நடை மருத்துவர் சான்று தராத விலங்கையும், சினையானதையும், மூன்று மாதத்துக்குக் குறைந்ததையும் அறுக்கக்கூடாது. ஒரு மருத்துவர் மணிக்கு 12 விலங்குகளுக்கு மேல், நாளுக்கு 96க்கு மேல் பார்க்கக்கூடாது என்பதும் அதே விதி. கணக்குப் போட்டால் இதன் கனம் தெரியும்: நாளுக்கு ஆயிரம் ஆடுகள் என்றால் பதினொரு மருத்துவர்கள் வேண்டும். ஆள் இல்லாமல் வெறும் முத்திரை குத்தினால் அந்த முத்திரைக்குப் பொருளே இல்லை.

உரிக்கும்போது உடல் தரையில் கிடக்காமல் கொக்கியில் தொங்க வேண்டும். தோலைப் பிடித்த கை, கழுவாமல் கறியைத் தொடக்கூடாது. குடலை எடுப்பதற்கு முன் உணவுக்குழாயையும் மலக்குடலையும் கட்டிவிட்டால், உள்ளிருப்பது சிந்தாது. இரண்டு கத்திகள் வைத்துக்கொள்வது நல்ல முறை: ஒன்று கையில், மற்றொன்று 82 டிகிரி வெந்நீரில். ஆட்டுக்கு ஆடு மாற்றிக்கொள்ளலாம். பிறகு மருத்துவர் ஈரல், நுரையீரல், நிணநீர்க் கணுக்களைப் பார்த்து நீர்க்கட்டி, ஈரல்புழு போன்றவை கண்ட உறுப்புகளை ஒதுக்குகிறார்.

கூடத்தைக் கழுவுவதற்கும் வரிசை உண்டு. முதலில் கொழுப்பையும் துணுக்குகளையும் சுரண்டி எடுக்க வேண்டும். அடுத்து வெதுவெதுப்பான நீர். எடுத்தவுடன் கொதிநீர் ஊற்றினால் இரத்தப் புரதம் உறைந்து தரையோடு ஒட்டிக்கொள்ளும். சோப்புக் கரைசலுக்குப் பிறகே கிருமிநாசினி. அழுக்கின் மேல் ஊற்றிய குளோரின் அழுக்கோடு செலவழிந்துபோகும்.

இந்தக் கவனம் உலகம் முழுவதும் துயரத்தால் கற்ற பாடம். 1993இல் அமெரிக்காவில் சரியாக வேகாத மாட்டிறைச்சி பர்கரால் 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் இறந்தனர். அதன் பிறகு 1996இல், ஹசாப் என்ற முறையை இறைச்சி ஆலைகளுக்கு அந்நாட்டு அரசு கட்டாயமாக்கியது. விண்வெளி வீரர்களின் உணவுக்காக 1960களில் உருவான முறை அது: ஆபத்து எந்தப் படியில் வரும் என்று முன்கூட்டியே கண்டு, அந்தப் படியை அளந்து, குறித்துவைத்துக் கட்டுப்படுத்துவது. தென்னாப்பிரிக்காவில் 2017-18இல் பதப்படுத்திய இறைச்சி வழியே பரவிய லிஸ்டீரியா இருநூறு பேருக்கு மேல் பலிகொண்டது. குளிர்பெட்டியின் குளிரிலும் அந்தக் கிருமி பெருகும் என்பதால், சமைத்த இறைச்சியைப் பொதியும் அறை பச்சை இறைச்சி அறையிலிருந்து முற்றிலும் பிரிந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும், 2011இல் நடைமுறைக்கு வந்த உரிம விதிகளின் நான்காம் அட்டவணையும் அறுப்புக்கூடம் முதல் கறிக்கடை வரை நிபந்தனைகள் விதிக்கின்றன.

இந்தத் தூய்மைச் சங்கிலி பெரும்பாலும் அறுபடுவது கூடத்துக்கு வெளியேதான். ஐரோப்பிய விதி, அறுத்த உடலை 7 டிகிரிக்கும் ஈரல், குடல் போன்றவற்றை 3 டிகிரிக்கும் குளிர்விக்கச் சொல்கிறது. நம் வழக்கமோ அதிகாலையில் அறுத்த கறியை அன்றே வாங்கிச் சமைப்பது. சில மணி நேரத்தில் அடுப்பேறினால் அதில் பெரிய கேடு இல்லை. ஆனால் ஜூலை மாதத்துப் புழுக்கத்தில், மூடாத வண்டியில் தாராவிக்கோ மாட்டுங்காவுக்கோ போய், மதியம் வரை கொக்கியில் தொங்கும் கறி வேறு கதை. நன்றாக வேகவைத்தாலும், ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி ஏற்கெனவே கக்கிய நச்சு கொதியில் அழியாது. கடைக்காரர் செய்யக்கூடியது அதிகச் செலவில்லாதது: வெட்டுக்கட்டையை இரவில் சுரண்டி, உப்புத் தேய்த்துக் காயவைப்பது, குடலுக்குத் தனிக் கத்தி, கல்லாவில் பணம் வாங்க வேறொரு கை.